நாற்பத்து மூன்று அடி

கொரடாச்சேரிக்குத் தெற்கே
கொள்முதல் நிலையத்தில் ஆறாவது இரவு.
வரிசையில் எங்கள் குவியல் பதினான்காவது.
ஈரப்பதம் பத்தொன்பது புள்ளி இரண்டு.
பதினேழுக்கு வந்தால்தான் மூட்டை பிடிப்பார்கள்.
காயப்போட்டுக் கொஞ்சம் இறங்கும்போதெல்லாம்
ஒரு மழை.

விமானச் சீட்டில் பாதி சங்கம் கொடுத்தது.
மீதி இந்தக் குறுவை.
அதனால் காவல் என்னுடையது என்றேன்,
அப்பா மறுக்கவில்லை.
தார்ப்பாய்க்குள் கால் நீட்ட இடமில்லை.
குந்தியிருப்பது எனக்குப் பழக்கம்தான்.

திருவாரூர் நிருபர் எழுதினார்:
நடவு நட்ட குடும்பம்,
கேட்சராகக் குந்துவது ரத்தத்திலேயே இருக்கிறதாம்.
நடவில் யாரும் குந்துவதில்லை சார்,
குனிவார்கள்.
அம்மாவுக்கு வலிப்பது இடுப்பு.
எனக்கு முழங்கால்.

சாஃப்ட்பால்.
பேரில்தான் மென்மை.
என் கட்டைவிரல் நகம் இன்னும் நாவல்பழ நிறம்.

பந்து வீசுகிறவள் லிந்தோய்,
பிஷ்ணுபூர்க்காரி.
எனக்கு இந்தி வராது, அவளுக்கு அரைகுறை.
முகாமில் இருபத்தோரு நாள்
நாங்கள் பேசியதெல்லாம்
என் தொடைகளுக்கு நடுவே நான் மறைத்துக் காட்டிய விரல்களில்.
ஒன்று, வேகம்.
இரண்டு, கடைசியில் விழுகிற பந்து.
மூன்று, வெளியே விலகட்டும்.
மூடிய கை, மெதுவாக வீசி ஏமாற்று.
அவள் தலையை இடவலமாக ஆட்டினால், மாட்டேன்.
ஒரு கல்யாணத்துக்கே இவ்வளவு பேச்சு போதும் என்றாள் ஜஸ்மீத்.
விவாகரத்து ஆனவள், அவளுக்குத் தெரியும்.

முதல் ஆட்டம் ஐந்தாவது இன்னிங்ஸோடு முடிந்தது.
ஒன்பது, பூஜ்யம்.
அதற்கு மேல் அடிக்க விடமாட்டார்களாம்,
கருணை விதி.
பேருந்தில் யாரும் பேசவில்லை.
யாரோ பொரி கொண்டு வந்திருந்தாள்,
அது மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ்.
நாலுக்கு நாலு.
மூன்றாம் தளத்தில் ஒருத்தி
குதிகாலை மண்ணில் தேய்த்தபடி நிற்கிறாள்.
இரண்டு என்றேன், ஆட்டினாள்.
ஒன்று, ஆட்டினாள்.
மூன்றுக்கும் மாட்டேன், மூடிய கைக்கும் மாட்டேன்.
சொற்கள் தீர்ந்துவிட்டன.
ஐந்து விரலையும் விரித்து வைத்தேன்.
எங்களுக்குள் அதற்கு அர்த்தமே கிடையாது.
அவள் சரி என்று தலையசைத்தாள்.

என்ன வரப்போகிறது என்று தெரியாமல்
நாற்பத்து மூன்று அடி தள்ளிக் காத்திருந்தேன்.
கை ஒரு முழு வட்டம் சுற்றியது.
மட்டை காற்றை அடித்தது,
பந்து எனக்கு முன்னால் மண்ணில் குத்தித் தெறித்தது.
நெஞ்சால் மறித்து விழுந்தேன்.
நகம் போனது அப்போதுதான்.
ஓடி வந்தவள் பாதியில் திரும்பினாள்.

ஏழாவதில் தோற்றோம்.
உயரப் போன ஒரு பந்து,
இடப்பக்கத்தில் நின்றவள் கண்ணில் விளக்கு வெளிச்சம்.
யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

“வெளிநாடு போய் ஆடினியாமே பாப்பா, கிரிக்கெட்டா?”
மூட்டைமேல் படுத்திருந்த லோடுமேன் கேட்டார்.
ஆமாண்ணே என்றேன்.
மணி ஒன்றரை.

அப்புறம்தான் லிந்தோய் அழைத்தாள்.
வெண்ணாற்றுப் பக்கம் திரும்பிப் பிடித்தால்
டவர் ஒரு கோடு.
குரல் வரவில்லை.
படம் வந்தது, துண்டு துண்டாக.
அங்கும் மழை போல, தலையில் துண்டு.
வாய் அசைந்தது. காதைத் தொட்டுக் காட்டினேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு திரை முழுக்க ஒரு உள்ளங்கை,
ஐந்து விரலும் விரிந்து.
படம் அப்படியே உறைந்து நின்றது.

தார்ப்பாய் முனையில் கல்லை நகர்த்தி வைத்துவிட்டு
குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தேன்.
உள்ளே சூடாக இருக்கிறது.
ஈரநெல் சூடாவது நல்லதில்லை.
விடிவதற்குள் ஒருமுறை கிளறிவிட வேண்டும்.